சிவப்பு வட்டத்துக்குள் ஒரு தீவு

வானிலை ஆபீசில் வேலை பார்க்கிறவளை யாரும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை. "மழை வருமா?" என்றுதான் கேட்பார்கள். மாடியில் துணி உலர்த்துகிற பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறவர் கேட்பார். பல் பிடுங்கப் போனால் பல் டாக்டர்கூட என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். பதில் சொன்னால் நம்பவும் மாட்டார்கள். "நீங்க சொன்னா எதிர்மாறாத்தான் நடக்கும்" என்று சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சொல்வதை அப்படியே நம்பிய ஒரே ஆள் என் புருஷன். அதுதான் வினையாகப் போயிற்று.

அவருக்குத் துறைமுகத்தில் மிதவை விளக்கு வேலை. கப்பல்களுக்கு வழி காட்ட நடுக்கடலில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிற இரும்பு மிதவைகள் இருக்கின்றனவே, அவற்றின் தலையில் எரிகிற விளக்குகளைப் பழுது பார்ப்பது. கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் பல்பு. படகு அவரை ஒரு மிதவையில் இறக்கிவிட்டு, அடுத்த ஆளை அடுத்த மிதவையில் இறக்கப் போய்விடும். எல்லாரையும் இறக்கிய பிறகு, ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு திரும்பும். அதுவரை அவர் இடுப்புப் பட்டையால் இரும்புக் கம்பியோடு தன்னைக் கட்டிக்கொண்டு, கடல் ஆட்டுகிற ஆட்டத்துக்கெல்லாம் ஆடியபடி வேலை செய்வார். கையில் போனும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்தத் தூரத்துக்கு சிக்னல் எடுக்காது என்று எல்லாரும் போனைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள்.

"பயமா இருக்காதாங்க?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"மிதவை கவிழாது. ஏறி நிக்கிற ஆளுதான் கவிழணும்" என்றார். பெரிய ஜோக் சொல்லிவிட்ட மாதிரி அவரே சிரித்துக்கொண்டார்.

அன்று காலையில் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டே கேட்டார். "என்ன மேடம், இன்னிக்கு என்னை நனைக்கறதா உத்தேசமா?"

"சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் செம காத்து வருது. இருட்டறதுக்குள்ள கரைக்கு வந்துடுங்க."

"ரேடியோல வேற மாதிரி சொன்னாங்கன்னா?"

"அந்த ஆளு சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க. போன மாசம் பாத்தீங்கல்ல?"

போன மாதத்துக் கதை ஊருக்கே தெரியும். எங்கள் டைரக்டர் புயல் எச்சரிக்கை விட்டு, துறைமுகத்தையே ஒரு நாள் இழுத்து மூட வைத்தார். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கப்பல் கம்பெனிக்காரர்கள் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து மனிதர் தூறலுக்குக்கூட வாய் திறப்பதில்லை.

"அதெல்லாம் எதுக்கு? வீட்லயே வானிலை ஆபீஸ் இருக்கு எனக்கு" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

காலையில் நான் சொன்னது பொய்யில்லை. விடியற்காலைப் படத்தில் அப்படித்தான் இருந்தது. படம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லா நிலையங்களும் மூன்று மணிக்கு ஒருமுறை தங்கள் இடத்துக் காற்று, சூடு, அழுத்தம் மூன்றையும் எங்களுக்கு அனுப்பும். அவற்றைப் பெரிய காகிதப் படத்தில் அந்தந்த ஊருக்குப் பக்கத்தில் குறிப்போம். ஒரே அழுத்தம் உள்ள ஊர்களையெல்லாம் ஒரு கோட்டால் இணைப்போம். இப்படிக் கோடுகளாகப் போட்டுக்கொண்டே வந்தால், ஓர் இடத்தில் எல்லாக் கோடுகளும் சட்டென்று மடங்கும். அங்கேதான் குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான காற்றின் அடியில் நுழைந்து அதை மேலே நெம்பிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். புத்தகத்தில் அதற்கு வளிமுகம் என்று பெயர். நாங்கள் நீலப் பென்சிலால் பல் வைத்த கோடு போடுவதால் நீலக்கோடு என்போம். கோடு இருக்கிற இடத்தில் இடி, மழை, பேய்க்காற்று. கோடு எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று இரண்டு படங்களை வைத்துப் பார்த்தால், எங்கே எப்போது அடிக்கும் என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் எங்கள் ஜோசியம்.

விடியற்காலையில் நீலக்கோடு மேற்கே வெகு தொலைவில் இருந்தது. அது வந்த வேகத்துக்கு, சாயங்காலம்தான் கரைக்கு வரவேண்டும். கம்ப்யூட்டரும் அதையேதான் சொன்னது.

மத்தியானப் படத்துக்கு எண்கள் வந்தபோது டைரக்டரே மேஜைக்கு வந்துவிட்டார். போன மாதத்திலிருந்து அவருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. நான் எண்களைக் குறித்துக்கொண்டே வந்தேன். தீவின் எண்கள் வந்தன. மேற்கே கடலுக்குள் இருக்கிற ஒரே நிலையம் அது. ஒரு கலங்கரை விளக்கம், அதில் ஒரு விளக்குக்காரர். அந்த நிலையத்துக்கு ஆபீசில் புளுகு என்று பெயர். ஒருமுறை அந்த மனிதர் எண்களை இடம் மாற்றி அனுப்பி, எங்கள் படத்தில் இல்லாத புயல் ஒன்று பிறந்துவிட்டது. இன்னொரு முறை தூங்கிப்போய் நேற்றைய எண்ணையே அனுப்பினார். அதனால் புளுகு அனுப்புவது பக்கத்து நிலையங்களோடு ஒத்துப்போகாவிட்டால், சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு ஒதுக்கிவிட்டு, அப்படி ஒரு தீவே இல்லாத மாதிரி கோடு இழுப்போம். எத்தனையோ வருஷத்துப் பழக்கம் அது.

"பாரு, புளுகு வேலையைக் காட்டிட்டான்" என்று டைரக்டர் சிரித்தபடி வட்டம் போட்டார். நானும் சிரித்தேன். அவர் நீலக்கோட்டைத் தீவுக்கு மேற்கே நன்றாகத் தள்ளிப் போட்டுவிட்டு, ரேடியோவில் படிக்க வேண்டிய அறிக்கையை எழுத உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு அறிக்கை. கடலில் இருக்கிற சின்னப் படகுகள் எஞ்சின் சத்தத்தில் வேறெதையும் கேட்க முடியாது. அறிக்கை நேரத்துக்கு மட்டும் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் சாயங்காலம் வரை அவர்களைப் பிடிக்க முடியாது.

நான் பென்சில்களை எடுத்து வைக்கும்போது மறுபடி அந்த வட்டத்தைப் பார்த்தேன். அழுத்தம் சட்டென்று ஏறியிருந்தது. சரி, அந்தக் கருவி கோளாறாக இருக்கலாம். சூடு மளமளவென்று இறங்கியிருந்தது. அதுவும் கோளாறா? காற்று தெற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பியிருந்தது. ஒரு கருவி பொய் சொல்லும். மூன்று கருவிகள் கூடிப் பேசிக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லாது. நீலக்கோடு ஓர் இடத்தைத் தாண்டிப் போனால் இந்த மூன்றும்தான் நடக்கும், ஒன்றாகத்தான் நடக்கும். கோடு தீவைத் தாண்டிவிட்டது. அது இப்போது தீவுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கிறது. மிதவைகளும் அங்கேதான் இருக்கின்றன.

"சார், புளுகு சொல்றது நெஜம்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"என்னம்மா சொல்றே?"

"கோடு வேகம் எடுத்துடுச்சு சார். சாயங்காலம் இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல மிதவைங்க மேல அடிக்கப் போகுது. அறிக்கையை மாத்துங்க."

"ஒரே ஒரு நிலையத்தை வச்சா? அதுவும் அவனை வச்சா?" என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மாசம் நான் பட்டது போதாதா?"

"சார், என் வீட்டுக்காரர் மிதவையில இருக்காரு."

"அதான் உனக்குப் பதட்டம். படத்தைப் பாரும்மா, மனசைப் பாக்காதே."

வாயில் வந்ததைச் சொல்லியிருந்தால் அன்றே வேலை போயிருக்கும். சொல்லவில்லை. சாட்டிலைட் படத்தை விரித்துக் காட்டினேன். மேலே மேகம் போர்வை மாதிரி ஒரே வெள்ளையாக மூடியிருந்தது, அடியில் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ரேடாரோ உதிரி பாகம் வரும், வரும் என்று மாதக் கணக்காகப் படுத்துக் கிடக்கிறது. கீழ்த்தளத்தில்தான் துறைமுக ஆபீஸ். ஓடிப் போய்க் கெஞ்சினேன். அங்கே இருந்தவர் வயர்லெஸ்ஸில் படகைக் கூப்பிட்டுப் பார்த்தார், பதில் இல்லை. "எஞ்சின் ஓடுதுங்க, கேக்காது. ரெண்டு மணி அறிக்கையில சொல்லச் சொல்லுங்க" என்றார். மறுபடி படியேறி ஓடி வந்தேன்.

கடைசியில் தீவுக்கே போன் போட்டு, டைரக்டருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தேன். எடுக்கிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இல்லை.

"அண்ணே, வானிலை ஆபீஸ்லேர்ந்து பேசறேன். அங்க காத்து எப்படி இருக்கு?"

"அதான் அனுப்பிச்சேனேம்மா" என்றார் விளக்குக்காரர். கோபித்துக்கொண்ட குரல். "நான் அனுப்பறதை யாரு பாக்கறா?"

"நான் பாக்கறேன் அண்ணே. கருவியை விடுங்க. கண்ணால பாத்ததைச் சொல்லுங்க."

"காலையிலேர்ந்து தெக்கு ஜன்னல் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. கயித்தைப் போட்டுக் கட்டினேன். திடீர்னு அது நின்னுபோய் வடக்கு ஜன்னல் அடிக்க ஆரம்பிச்சது. ஒரு கண்ணாடி நொறுங்கியே போச்சு. இடின்னா இடி, அப்படி ஒரு இடி. அப்புறம் குளிரு. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுதான் பேசறேன்."

பின்னால் அந்த ஜன்னல் டமால் டமால் என்று அடித்துக்கொள்வது எங்களுக்கே கேட்டது. டைரக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். சிவப்பு வட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுதி வைத்த அறிக்கையைக் கிழித்துப் போட்டார். இரண்டு மணிக்கு ஒரு நிமிஷமோ என்னமோதான் இருந்தது.

"சார், நானே படிக்கறேன்" என்றேன்.

"விதிப்படி நான்தான் படிக்கணும்."

"ஒரே ஒரு வார்த்தை சார். என் குரலைக் கேட்டா அவரு..."

"இது என்ன உங்க வீட்டு போனாம்மா? நகரு."

நகர்ந்தேன். வாதாட நேரம் இல்லை. அவர் மைக்கை இழுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: "குளிர் வளிமுகம் எதிர்பார்த்ததற்கு முன்னதாகவே நெருங்குகிறது. சிறு படகுகள் உடனடியாகக் கரை திரும்பவும்." நல்லபடியாகத்தான் படித்தார். இரண்டு முறை படித்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கேட்டிருப்பார்கள், எஞ்சினை நிறுத்திக் கேட்டிருப்பார்கள், இந்நேரம் திரும்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடு வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். முதலில் காற்றே இல்லை, கொடிமரத்தில் கொடி தொங்கிப் போய் நின்றது. மேற்கே கடலை ஒட்டி ஒரு கறுப்பு மேகச் சுருள் உருண்டு வந்தது. அடுத்த நிமிஷம் துறைமுகத்தில் தகரமும் பெட்டியும் பறந்தன. இத்தனை வருஷமாகப் பென்சிலால் இழுத்த கோடு நேரில் இப்படித்தான் இருக்கும்.

அந்த மழையில் படகு வந்து சேர்ந்தது. படகு டிரைவர் சொட்டச் சொட்ட மாடியேறி வந்தார். அவர் பின்னால் இரண்டு பேர் வந்து வாசலிலேயே நின்றார்கள். மூன்றாவது ஆளுக்காகப் படிக்கட்டைப் பார்த்தேன். யாரும் வரவில்லை.

"அவரு எங்கே?"

டிரைவர் தொப்பியைக் கையில் பிடித்துப் பிழிந்துகொண்டே இருந்தார். "அறிக்கை கேட்டோம்க்கா. கேட்ட உடனே முதல்ல பல்பு அண்ணன்கிட்டதான் போனேன், அவருதான் பக்கத்துல இருந்தாரு. ஏறுங்கண்ணேன்னேன். ஏற மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"விளக்கைத் திறந்து போட்டிருந்தாரு. கண்ணாடி மாட்டாம விட்டா உள்ள தண்ணி போயிடும்னாரு. நான் அறிக்கையில சொன்னதைச் சொன்னேன்க்கா. சிரிச்சாரு. 'அந்த ஆளு போன மாசமும் இதைத்தான் சொன்னாரு. என் பொண்டாட்டி சாயங்காலம்னு சொல்லியிருக்கா. அவ சொன்னா சொன்னதுதான். நீ போய் மத்தவங்களை ஏத்திக்கிட்டு வா, அதுக்குள்ள முடிச்சிடறேன்'னாரு. இவங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள அடிச்சிடுச்சுக்கா. கிட்ட போகவே முடியல. பட்டையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. கையைக் காட்டினாரு. அப்புறம் மழையில ஒண்ணும் தெரியல."

நான் அழவில்லை. கத்தவும் இல்லை. பாவி மனுஷா, ஊரே என்னை நம்பாதபோது நீ மட்டும் எதற்கு என்னை நம்பித் தொலைத்தாய் என்று நெஞ்சுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். டைரக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்புப் படகின் கேப்டன் வந்தார். ஹெல்மெட்டும் மிதக்கும் சட்டையும் போட்டுத் தயாராக இருந்தார். அவருடைய ஆட்கள் நான்கு பேரும் கீழே படகில் ஏறி உட்கார்ந்துவிட்டார்களாம். கடலில் காற்றின் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். முப்பது நாட் வேகத்துக்கு மேல் அடித்தால் அவருடைய படகு துறைமுக வாயைத் தாண்டாது, கல்லில் மோதும்.

"எப்போ குறையும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அந்த நிமிஷமே கிளம்பறோம்" என்று டைரக்டரிடம் சொன்னார்.

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா" என்றார். இரண்டு மணிக்கே கொடுத்திருக்க வேண்டிய வாய்ப்பை இப்போது கொடுத்தார்.

எனக்குத் தெரியும், காற்று முதலில் தீவில்தான் குறையும். அங்கே வருவதுதான் கொஞ்ச நேரம் கழித்து மிதவைக்கும் எங்களுக்கும் வரும். அங்கே இறங்கினால் இவர்கள் கிளம்பலாம், இவர்கள் துறைமுக வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் இங்கேயும் இறங்கிவிடும். மறுபடி போன் போட்டேன். விளக்குக்காரர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, காத்து குறைஞ்சுதா?"

"இல்லம்மா. ஏம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"என் வீட்டுக்காரர் மிதவையில மாட்டிக்கிட்டாரு அண்ணே."

"நான் பாத்துக்கிட்டே இருக்கேன்மா, லைன்லயே இருங்க" என்றார்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. குளிர் ஏறிக்கொண்டே போனது. கோடு தாண்டிய பிறகு இப்படித்தான் குளிரும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நனைந்த சட்டையோடு ஒரு மனிதன் இரும்புக் கம்பியில் தொங்கினால் அந்தக் குளிர் என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். கேப்டன் ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "குறைஞ்சுதா அண்ணே?" "இல்லம்மா." "இப்போ?" "இன்னும் இல்லம்மா."

பிறகு அவர் சொன்னார். "குறைஞ்சிடுச்சும்மா. நல்லாவே குறைஞ்சிடுச்சு. போகச் சொல்லுங்க."

கேப்டனுக்கும் கேட்டது. வாரை இழுத்து மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பிவிட்டார். படகு டிரைவர் சாமி கும்பிடுகிற மாதிரி கையைச் சேர்த்தார். எனக்கு உயிர் வந்தது. ஒரு மூச்சு நேரம்தான். போனில் டமால் என்று கேட்டது. மறுபடி டமால்.

"அண்ணே, ஜன்னல் அடிக்குதே? எனக்காகப் பாக்காதீங்க. கருவியில முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. புளுகு, புளுகு என்று நாங்கள் எத்தனை முறை சிரித்திருப்போம். தெரிந்தே அவர் சொன்ன ஒரே பொய் இதுவாகத்தான் இருக்கும். அதையும் எனக்காகச் சொன்னார்.

"நாப்பத்திரண்டும்மா" என்றார். "என்னை மன்னிச்சுக்கம்மா. நாப்பத்திரண்டுலதான் நிக்குது."

கேப்டன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத்தான் பார்த்தார். கீழே நான்கு பேர் படகில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கும். நான் தலையை ஆட்டினால் போதும், போய்விடுவார்கள். யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

படத்தில் தீவுக்குப் பக்கத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

"என் வீட்டுக்காரர் நான் சொன்னதை நம்பினாரு" என்றேன் கேப்டனிடம். "நீங்களும் நம்புங்க. இப்போ போகாதீங்க."